எல்லையும் வரம்பும்: ஜொகூர் தனித்து நிற்க நினைத்த காலம்

மலாய் மொழியில் ‘பண்டார்’ என்றால் பட்டணம். ‘தெங்காரா’ என்றால் தென்கிழக்கு. பண்டார் தெங்காரா என்ற பெயரில் மலையோ மரமோ ஆறோ இல்லை, ஒரு திசைதான் இருக்கிறது. ஜொகூரின் தென்கிழக்குக் காடுகளைத் திருத்திக் குடியேற்றம் அமைக்க 1972இல் நாடாளுமன்றச் சட்டம் ஒன்றின்படி ‘கெஜோரா’ என்ற தென்கிழக்கு ஜொகூர் மேம்பாட்டு வாரியம் உருவானது. அந்தத் திட்டத்தில் பிறந்த பட்டணங்களில் பண்டார் தெங்காராவும் ஒன்று. எந்தப் பக்கம் போனாலும் செம்பனைதான் கண்ணில் படும்.

இந்த ஊர் நிற்கும் மண் யாருடையது? மலேசிய அரசமைப்புச் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலம் மாநிலத்துக்கு உரியது. அந்த நிலத்தில் பட்டணம் எழுப்பிய வாரியமோ கூட்டரசுச் சட்டத்தால் அமைந்தது. அருகே ஓடும் லிங்கியு ஆற்றில் கட்டிய நீர்த்தேக்கம் 1990இல் சிங்கப்பூரோடு செய்த ஒப்பந்தத்தின் விளைவு. அதில் கையெழுத்திட்டது ஜொகூர் மாநில அரசு. மண்ணுக்கு ஓர் அதிகாரம், திட்டத்துக்கு ஓர் அதிகாரம், தண்ணீருக்கு எல்லை தாண்டிய ஓர் உடன்படிக்கை. அவற்றுக்கு நடுவே குடியிருப்பவருக்கு என்ன அதிகாரம் என்ற கேள்விதான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

கூட்டரசிலிருந்து ஜொகூர் பிரிய வேண்டும் என்று 1955இல் ஓர் இயக்கம் எழுந்தது. அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பு பினாங்கிலும் அப்படி ஒன்று எழுந்தது. இரண்டும் சிறியவை, இரண்டும் தோற்றவை. வெற்றி பெற்ற கட்சிகளின் வரலாற்றில் இவற்றுக்குச் சில வரிகளே கிடைக்கின்றன. ஆனால் ‘எங்களை எங்கள் போக்கில் விடுங்கள்’ என்ற குரல் உலகின் எந்த மூலையில் எழுந்தாலும் அதை எப்படி எடைபோடுவது என்பதை இந்த இரண்டும் சொல்லித் தருகின்றன. பிரிவினை எல்லையைப் பற்றிய கோரிக்கை. விடுதலை வரம்பைப் பற்றிய கோரிக்கை. நாடு எங்கே முடிகிறது என்பது முதலாவது. அந்த நாட்டுக்குள் ஆள்பவரின் கை எங்கே நிற்க வேண்டும் என்பது இரண்டாவது. இரண்டும் ஒரே மூச்சில் பேசப்படுவதால் இரண்டும் ஒன்றே என்று நம்பிவிடுகிறோம்.

1895: அரசனைக் கட்டிய ஏடு

ஜொகூரின் தனித்தன்மை வெறும் பெருமைப் பேச்சன்று. 1885இல் பிரிட்டனோடு செய்த உடன்படிக்கை அபு பாக்காரை ஜொகூரின் சுல்தானாக ஏற்றுக்கொண்டது. அண்டை மலாய் அரசுகள் ஒவ்வொன்றாகப் பிரிட்டிஷ் ரெசிடென்டின் மேற்பார்வைக்குள் போன காலத்தில் ஜொகூர் தன் நிர்வாகத்தைத் தானே நடத்தியது. 1895 ஏப்ரலில் அபு பாக்கார் எழுத்து வடிவில் ஓர் அரசமைப்பை வெளியிட்டார். மலாய்த் தீபகற்பத்தில் அதுவே முதலாவது. அடுத்த இரண்டு மாதத்துக்குள் அவர் லண்டனில் காலமானார். மகன் இப்ராகிம் அரியணை ஏறி 1959 வரை ஆண்டார்.

அந்த அரசமைப்பின் பதினைந்தாம் பிரிவு மிக முக்கியமானது. நாட்டையோ அதன் ஒரு பகுதியையோ எந்த ஐரோப்பிய அரசிடமும் ஒப்படைக்க மன்னருக்கு உரிமை இல்லை, அப்படி ஒப்படைக்க உடன்படிக்கை செய்யவும் உரிமை இல்லை என்று அது சொல்கிறது. நாடு மன்னரின் சொத்து என்று எண்ணிய காலத்தில் மன்னரே வைத்த ஏடு மன்னரின் கையைக் கட்டியது. இந்த ஒரு பிரிவில் எல்லையும் வரம்பும் சேர்ந்தே இருந்தன. வெளியாருக்கு அது எல்லை; மன்னருக்கு அது வரம்பு.

ஆனால் 1914இல் பிரிட்டிஷ் பொது ஆலோசகர் ஒருவரை ஏற்கும் நிலை ஜொகூருக்கு வந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரிட்டன் மலாய் அரசுகளை ஒரே ஒன்றியமாகக் கட்ட முனைந்தது. அதற்காக வந்த சர் ஹெரால்டு மெக்மைக்கேல் முதலில் சந்தித்தது சுல்தான் இப்ராகிமைத்தான். 1945 அக்டோபர் 20இல், ஒன்றியத்துக்கு வழிவிடும் உடன்படிக்கையில் சுல்தான் கையெழுத்திட்டார்.

அடுத்து நடந்ததை ஜொகூர் வரலாற்றின் உயர்ந்த தருணங்களில் ஒன்றாகக் கருதுகிறேன். 1946 பிப்ரவரித் தொடக்கத்தில் ஜொகூர் பாருவில் கூடிய மலாய்க்காரர்கள், 1895 அரசமைப்பைச் சுல்தானே மீறிவிட்டார் என்று வெளிப்படையாகக் குற்றம் சாட்டினர். அரசனுக்கு மாறாகப் பேசுவதே பெருங்குற்றம் என்று வளர்ந்த சமூகம் அது. அவர்கள் ஆயுதம் எடுக்கவில்லை; அவர் தந்தையின் ஏட்டை எடுத்துக் காட்டினார்கள். அதே ஆண்டு மே 11இல் ஜொகூர் பாருவில்தான் டத்தோ ஓன் ஜாபாரின் தலைமையில் அம்னோ என்ற மலாய்க் கட்சி பிறந்தது. ஒன்றியம் கைவிடப்பட்டு, 1948 பிப்ரவரி 1இல் மலாயாக் கூட்டரசு நடைமுறைக்கு வந்தது.

பினாங்கு: துறைமுகத்தின் சுதந்திரம்

ஜொகூருக்கு முன்பே கூட்டரசைக் கண்டு அஞ்சிய ஊர் பினாங்கு. 1786இல் பிரான்சிஸ் லைட் அங்கே கால்வைத்த நாள்முதல் அது சுங்கம் இல்லாத் துறைமுகமாக வளர்ந்தது. சுங்கம் இல்லை என்பதற்காகவே சரக்கு வந்தது. சரக்கு வந்ததால் சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் வணிகரும், சீன வணிகரும், ஐரோப்பிய நிறுவனங்களும் வந்தார்கள். சூலியா தெரு என்ற பெயரே அந்த வணிகத்தின் சாட்சி. நீரிணைக் குடியேற்றங்கள் என்ற பழைய அமைப்பு 1946 ஏப்ரல் 1இல் கலைக்கப்பட்டபோது சிங்கப்பூர் தனிக் காலனியாக வெளியே நின்றது. பினாங்கும் மலாக்காவும் தீபகற்பத்தோடு சேர்க்கப்பட்டன.

வணிகர்கள் கலங்கினர். எதிரே தெரியும் பெருநிலத்தோடு சேர்ந்தால் அதன் சுங்கச் சட்டம் தீவுக்கும் வந்துவிடும். வெளியே நிற்கும் சிங்கப்பூர் தங்கள் வணிகத்தை விழுங்கிவிடும் என்று அஞ்சினர். 1948 டிசம்பரில் பினாங்கு வணிகச் சங்கத் தலைவர் டி. ஏ. மெக்கேயின் முன்முயற்சியில் பிரிவினைக் குழு அமைந்தது. நீரிணைச் சீனர் பிரிட்டிஷ் சங்கம் அதற்குத் தூணாக நின்றது. 1949 பிப்ரவரியில் பினாங்குக் குடியேற்ற மன்றத்தில் கொண்டுவந்த பிரிவினைத் தீர்மானம் 10க்கு 15 என்ற கணக்கில் தோற்றது. பிறகு லண்டனுக்கு மனு போனது. 1951இல் பிரிட்டிஷ் அரசு அதை மறுத்தது.

இந்த இயக்கத்தின் மையத்தில் ஒரு விடுதலைக் கொள்கை இருந்ததை மறுக்க முடியாது. தடையற்ற வணிகம், குறைந்த வரி, தூரத்துத் தலைநகரின் தலையீடு இல்லாத வாழ்வு: இவை அவர்களுக்குப் புத்தகத்தில் படித்த கோட்பாடுகள் அல்ல, நூற்றறுபது ஆண்டுகள் வாழ்ந்து பார்த்த அனுபவம். ஆனாலும் அவர்கள் கேட்ட விடுதலை துறைமுகத்தில் தொடங்கித் துறைமுகத்திலேயே நின்றது. சரக்குக்குச் சுதந்திரம் கேட்டார்கள். கப்பலிலிருந்து அந்தச் சரக்கை இறக்கிய கூலியாளுக்கு வாக்கு கேட்பது அவர்களுடைய மையக் கோரிக்கையாக இல்லை. மக்களாட்சியின் வாசல் திறந்ததும் வேறு வழியில்தான். பிரிவினை மனு மறுக்கப்பட்ட அதே 1951இன் டிசம்பரில் ஜார்ஜ்டவுன் நகராட்சிக்கு வாக்களித்து உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். மலாயாவில் நடந்த முதல் தேர்தல் அதுவே. எல்லை நகரவில்லை, ஆனால் ஆள்பவரை அளக்கும் உரிமை ஓரளவு மக்கள் கைக்கு வந்தது.

1955: மக்கள் இல்லாத தனிநாடு

1955 ஜூலை 27இல் கூட்டரசின் முதல் பொதுத் தேர்தல் நடந்தது. துங்கு அப்துல் ரகுமானின் கூட்டணி 52 இடங்களில் 51ஐ வென்றது. அம்னோவைவிட்டு விலகித் தனிக்கட்சி கண்டிருந்த ஓன் ஜாபார் தம் சொந்த ஊரான ஜொகூர் பாருவிலேயே தோற்றார். விடுதலை வந்துகொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. செப்டம்பரில் சுல்தான் இப்ராகிம் தம் அறுபதாண்டு ஆட்சி விழாவைக் கொண்டாடினார். விடுதலை கேட்பது எளிது, நாட்டைக் காக்கும் படையும் கப்பலும் விமானமும் எங்கே என்று அந்த விழாவில் அவர் கேட்டார்.

அந்தச் சூழலில்தான் அதே ஆண்டின் இறுதியில் ஜொகூர் மலாய் தேசியச் சங்கம் எழுந்தது. தலைவர் உங்கு அப்துல்லா பின் ஓமார். கூட்டரசிலிருந்து ஜொகூர் விலக வேண்டும். 1895 அரசமைப்பும் பிரிட்டனோடு செய்த பழைய உடன்படிக்கைகளும் மீண்டும் உயிர்பெற வேண்டும். பிரிட்டிஷ் பாதுகாப்போடு ஜொகூர் தனி அரசாக நிற்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அம்னோ அதைக் கடுமையாக எதிர்த்தது. 1956 ஜனவரி, பிப்ரவரியில் லண்டனில் நடந்த மாநாடு 1957 ஆகஸ்டுக்குள் விடுதலை என்று முடிவு செய்தது. மாநாட்டு மேசையில் ஆட்சியாளர்களின் பிரதிநிதிகளும் அமர்ந்திருந்தார்கள். அதன் பிறகு தனி ஜொகூர் என்ற பேச்சுக்கு நிற்க இடமில்லை.

அவர்களுடைய சட்ட வாதம் வலுவானது. இறைமை கொண்ட ஓர் அரசு உடன்படிக்கையால் இணைந்தது என்றால், உடன்படிக்கை மாறும்போது விலகும் உரிமையைக் கேட்பது இயல்பு. ஆனால் 1946இன் கூட்டத்தையும் 1955இன் சங்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரியும். இரண்டு தரப்பும் ஒரே ஏட்டைத்தான் கையில் எடுத்தன. 1946இல் அந்த ஏடு ஆட்சியாளரை நோக்கி நீண்டது. 1955இல் அது கோலாலம்பூரை நோக்கி மட்டும் நீண்டது. ஜொகூர் தனித்து நின்றால் அதற்குள் மன்னரின் அதிகாரம் எங்கே நிற்கும், ஆலோசகரின் அதிகாரம் எங்கே நிற்கும், குடிமகனின் உரிமை எங்கே தொடங்கும் என்பவை அந்தக் கோரிக்கையின் முகப்பில் இல்லை. எல்லையை மீட்கப் போனவர்கள் வரம்பை மறந்தார்கள்.

தோட்டத்திலிருந்து பார்த்தால்

இந்தக் கதையில் நம்மவர் எங்கே? அன்று ஜொகூரின் தமிழர்களில் பெரும்பாலோர் ரப்பர்த் தோட்டங்களின் லயங்களில் இருந்தார்கள். பால்மரத்துக்கும் தொழிற்சாலைக்கும் இடையில் அவர்கள் நாள் முடிந்தது. தனி ஜொகூர் கேட்டவர்களின் சங்கப் பெயரிலேயே அவர்களுக்கு இடமில்லை. துறைமுகத்தின் சுதந்திரமோ அவர்கள் லயத்தை எட்டாது.

அவர்களுக்குப் பயன் தந்தவை பெரும்பாலும் மாநில எல்லையைத் தாண்டியே வந்தன. 1954இல் பல தோட்டத் தொழிற்சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. பி. பி. நாராயணன் அதை வழிநடத்தினார். தீபகற்பம் முழுவதற்கும் ஒரே குரலாகக் கூலி பேச முடிந்தது அதனால்தான். 1957 அரசமைப்பின்படி, விடுதலை நாளிலும் அதற்குப் பின்னும் கூட்டரசில் பிறந்த குழந்தைக்குப் பிறப்பாலேயே குடியுரிமை கிடைத்தது. ஜொகூர் தனித்துப் போயிருந்தால் லயத்தில் பிறந்த குழந்தைக்கு என்ன தகுதி இருந்திருக்கும் என்ற கேள்விக்குப் பிரிவினைச் சங்கத்திடம் ஆறுதலான விடை இருந்ததாகத் தெரியவில்லை.

அதற்காகக் கூட்டரசையே விடுதலையின் வடிவம் என்று சொல்லிவிடவும் கூடாது. பிறப்பால் வரும் குடியுரிமை 1962இல் சுருக்கப்பட்டது. 1968இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய பெர்மிட் கேட்டது. 1969, 1970இல் அது நடைமுறைக்கு வந்தபோது, பிறவி முழுதும் இந்த மண்ணில் உழைத்த தமிழர் பல்லாயிரம் பேர் கப்பல் ஏறினார்கள். குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு இருந்துவிட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பட்ட பாட்டை நம் குடும்பங்கள் அறியும். பெரிய எல்லையும் மனிதரை நசுக்க முடியும். சிறிய எல்லையும் நசுக்க முடியும். நசுக்கும் கையைத் தடுப்பது வரம்பு மட்டுமே.

அரசே இல்லாத இடம் சுதந்திரத்தின் இடம் என்று நினைப்பவர்களுக்கும் ஜொகூரின் ஆறுகள் ஒரு பாடம் வைத்திருக்கின்றன. 1844 வாக்கில் தெமெங்கோங் டாயிங் இப்ராகிம், சீனத் தலைவர்களுக்கு ‘சூராட் சுங்கை’ என்ற ஆற்றுப் பத்திரம் கொடுக்கத் தொடங்கினார். அதைப் பெற்றவர் கங்சூ எனப்பட்டார். கம்பீர் இலையும் மிளகும் பயிரிட்ட அந்த ஆற்றங்கரைகளில் அபின், சாராயம், சூதாட்டம், பன்றி இறைச்சி, அடகுக் கடை ஆகியவற்றை நடத்தும் உரிமை அவர் கையில் இருந்தது. அரசு அங்கே மிகச் சிறியது, ஒப்பந்தமே சட்டம். ஆனால் கூலியாள் உழைத்த காசு அபினாகவும் கடனாகவும் அதே தலைவரிடம் திரும்பிப் போகும் ஏற்பாடு அது. 1917இல்தான் அந்த முறை ஒழிந்தது. அரசின் கை நீங்கிய இடத்தில் வேறொரு கை வந்து உட்கார்ந்தால் அதை விடுதலை என்று சொல்ல மனம் வராது.

தமிழ்நாட்டில் இரண்டாய்ப் பிரிந்த குரல்

எல்லையும் வரம்பும் வேறு என்பதைத் தமிழ்நாட்டு அரசியலைப் போலத் தெளிவாகக் காட்டும் இடம் குறைவு. அங்கே அந்த இரண்டு கோரிக்கைகளும் இரண்டு தனிக் கட்சிகளாகவே நின்றன. 1949இல் பிறந்த திராவிட முன்னேற்றக் கழகம் திராவிட நாடு கேட்டது. 1962இல் மாநிலங்களவையில் அண்ணா தம் கன்னிப் பேச்சிலேயே சுயநிர்ணய உரிமையை முன்வைத்தார். இன்னொரு புறம், 1959இல் எண்பது வயதில் ராஜாஜி தொடங்கிய சுதந்திராக் கட்சி எந்தப் பிரிவினையும் கேட்கவில்லை. உழவனும் வணிகனும் தொழில் செய்பவனும் ஒவ்வொன்றுக்கும் அரசிடம் அனுமதி கேட்டு நிற்கும் ‘பெர்மிட், லைசென்ஸ், கோட்டா’ ஆட்சியை அது எதிர்த்தது. 1962இல் மக்களவையில் 18 இடங்களும் 1967இல் 44 இடங்களும் பெற்று, 1974இல் வேறொரு கட்சியோடு கலந்து மறைந்தது.

1963இல் வந்த பதினாறாம் அரசமைப்புத் திருத்தம் பிரிவினை கேட்பவர் தேர்தலில் நிற்க முடியாதபடி செய்தது. கழகம் திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது. ஆனால் கேள்வியைக் கைவிடவில்லை. 1969இல் மைய, மாநில உறவை ஆராய ராஜமன்னார் குழுவை அமைத்து, 1974இல் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானத்தை நிறைவேற்றியது. எல்லையைப் பற்றிய பேச்சு, எந்த அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும் என்ற வரம்புப் பேச்சாக மாறியது. கழகமும் சுதந்திராக் கட்சியும் 1967 தேர்தலில் கைகோத்து நின்றதை வெறும் தேர்தல் கணக்காகவே பலர் பார்க்கிறார்கள். இரண்டுக்கும் பொதுவாக ஓர் அச்சம் இருந்தது: எல்லா அதிகாரமும் ஒரே இடத்தில் குவிவது. அந்த அச்சம் நியாயமானது.

கதவும் சன்னலும்

மலேசியாவில் சட்டம் வேறு பாதையில் போயிற்று. 1963 செப்டம்பரில், மலேசியா உருவாவதற்குச் சில நாள் முன்பு, பாஸ் கட்சி ஆண்ட கிளாந்தான் மாநிலம் நீதிமன்றம் சென்றது. தன் ஒப்புதல் இல்லாமல் கூட்டரசின் வடிவத்தையே மாற்றுவது செல்லாது என்று அது வாதிட்டது. தலைமை நீதிபதி சர் ஜேம்ஸ் தாம்சன் அதை ஏற்கவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1965 ஆகஸ்டு 9இல், ஒரே நாளில் அரசமைப்பைத் திருத்திச் சிங்கப்பூரை வெளியே விட்டது நாடாளுமன்றம். உள்ளே வருவதும் வெளியே போவதும் மாநிலத்தின் கையில் இல்லை, மையத்தின் கையில் இருக்கிறது என்பதை இந்த இரண்டு நிகழ்வுகளும் சேர்ந்து உறுதி செய்தன. 2015 ஏப்ரலில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், ஒரு மாநிலம் பிரிய வேண்டும் என்று தூண்டுவதைத் தேச நிந்தனைக் குற்றத்தில் சேர்க்க வகைசெய்தது. அதே ஆண்டு அக்டோபரில், இணைப்பு உடன்பாட்டின் நிபந்தனைகள் மீறப்பட்டால் விலக ஜொகூருக்கு உரிமை உண்டு என்று அதன் பட்டத்து இளவரசர் சொன்னது நாடு முழுதும் பேசப்பட்டது.

பிரியும் கதவு அடைபட்டிருக்கிறது. அதைத் திறக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் கதவு அடைபட்ட வீட்டுக்குச் சன்னல் அதிகம் வேண்டும். அந்தச் சன்னல்களில் ஒன்றையும் நாம் அடைத்துவிட்டோம் என்பதுதான் என் கவலை. ஜார்ஜ்டவுனில் 1951இல் தொடங்கிய உள்ளாட்சித் தேர்தல்கள் 1965இல் நிறுத்தப்பட்டன. 1976இன் உள்ளாட்சிச் சட்டத்தோடு அவை சட்டப்படியே இல்லாமல் போயின. தன் தெருவிளக்கையும் சாக்கடையையும் கவனிக்கும் மன்றத்துக்கு இன்றுவரை தீபகற்பத்தில் எவரும் வாக்களிப்பதில்லை. பண்டார் தெங்காராவில் இருப்பவரும் அப்படித்தான், கோலாலம்பூரில் இருப்பவரும் அப்படித்தான்.

இதற்கிடையில் பினாங்கு வணிகர்களின் பழைய கனவு ஜொகூருக்கு வேறு உருவில் வந்திருக்கிறது. 2025 ஜனவரியில் மலேசியாவும் சிங்கப்பூரும் ஜொகூர்–சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. சரக்கும் முதலீடும் ஆட்களும் தடையின்றிப் போய்வர வேண்டும் என்பது அதன் நோக்கம். பிரியாமலேயே சந்தைச் சுதந்திரம் விரிய முடியும் என்பதற்கு இது நல்ல சான்று. ஆயினும் 1948இல் பினாங்கிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை இங்கும் கேட்டாக வேண்டும்: சரக்குக்குக் கிடைக்கும் சுதந்திரத்தில் அதைத் தூக்குபவருக்குப் பங்கு எவ்வளவு? மண்டலம் விரியும் நிலத்தில் ஏற்கெனவே குடியிருப்பவரின் சொல்லுக்கு எடை எவ்வளவு?

நாளை ஏதோ ஒரு சிறு கட்சி இந்த மாநிலத்திலோ வேறு எங்கோ எழுந்து, ‘நம் மண், நம் வரி, நம் முடிவு’ என்று முழங்கலாம். அதைக் கேட்டவுடன் துரோகம் என்று ஒதுக்குவதும் தவறு, விடுதலை என்று மாலை போடுவதும் தவறு. நீங்கள் வரையும் புதிய கோட்டுக்குள் ஆள்பவரின் கை எங்கே நிற்கும், அதை நிறுத்தப் போவது யார், அட்டை இல்லாத மனிதருக்கு அங்கே என்ன உரிமை என்று அமைதியாகக் கேட்க வேண்டும். இன்று ஆளும் கூட்டரசிடம் கேட்க வேண்டியவையும் இதே கேள்விகள்தாம்.

1946இல் ஜொகூர் பாருவில் பதினைந்தாம் பிரிவைச் சுட்டிப் பேசியவர்கள் புதிய நாடு கேட்கவில்லை. வரைபடத்தில் ஒரு கோட்டையும் அவர்கள் நகர்த்தவில்லை. ‘இந்தக் கையெழுத்தைப் போட உங்களுக்கு உரிமை இல்லை’ என்று தங்களை ஆண்டவரிடமே சொன்னார்கள். ஜொகூர் தன் தனித்தன்மையாகப் போற்ற வேண்டியது அந்தச் சொல்லைத்தான்.